ஓதமும் ஒளிப்பெட்டியும்

பொதிகை மலையில் தோன்றி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, இந்தக் குறுகிய ஓட்டத்துக்குள் மூன்று வகைக் காற்றைக் கடந்துவிடுகிறது. ஆற்றின் தலைமாட்டில், மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து ஆகிய தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் உயரத்தில், தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டிலும் மழை கொட்டுவதால் ஆண்டின் பெரும்பகுதி மேகம் மரங்களுக்கிடையே தங்கிக் கிடக்கிறது. நடுவில் உள்ள அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, பாளையங்கோட்டைச் சமவெளி மலையின் மழைமறைவில் இருப்பதால், ஆனி ஆடியில் கணவாய் வழியே இறங்கிவரும் மேல்காற்று சாரலைக் குற்றாலத்திலும் தென்காசியிலும் விட்டுவிட்டு, இங்கே புழுதியை மட்டும் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தச் சமவெளி நன்றாக நனைவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான். கால்மாட்டிலோ ஆத்தூர், காயல்பட்டினம், தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களின் மேல் வீசும் காற்றில் உப்புத் துகள் எப்போதும் கலந்திருக்கிறது. கார், பிசானம் என்று இரு போகம் நெல் விளைவித்த இந்தப் பள்ளத்தாக்கு, விளைந்ததையும் எழுதியதையும் ஈரத்திலிருந்து காப்பதற்கான வழிகளை இந்தக் காற்றுகளுக்கு ஏற்பவே வகுத்துக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் கடல்கடந்து வந்த கேமராவுக்கு அதனுடன் வந்த கையேட்டைவிட அந்தப் பழைய வழிகளே இங்கே அதிகம் பொருந்தின என்பதும், அது விளங்குவதற்குள் ஏராளமான கண்ணாடியும் தோலும் பூசணத்துக்கு இரையாகிவிட்டன என்பதும் இந்த வரலாற்றின் சாரம்.

சுவரிலும் தரையிலும் பொருளிலும் ஊறி நிற்கும் ஈரத்தை ஓதம் என்பது தமிழ் வழக்கு. மழை நீர் கண்ணுக்குத் தெரியும்; ஓதம் தெரியாது, அப்பளம் நமத்த பிறகும் உப்பு கசிந்த பிறகுமே தெரியவரும். அறிவியலில் இதை அளக்கும் கணக்குக்கு ஒப்பு ஈரப்பதம் என்று பெயர். குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியின் உச்ச அளவில் எத்தனை விழுக்காடு அப்போது அந்தக் காற்றில் இருக்கிறது என்பதே இதன் பொருள். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் அதே காற்றால் 17 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்க முடியும். ஆகவே காற்றில் இருக்கும் நீர் ஒரு துளியும் கூடாமலேயே, இரவில் வீடு குளிர்ந்தால் ஒப்பு ஈரப்பதம் ஏறிவிடும். மேலும் குளிர்ந்தால் மிச்சமுள்ள ஈரம் பனியாக ஏதேனும் ஒரு பரப்பில் படியும். அந்தப் பரப்பு வாழையிலையாக இருந்தால் கேடில்லை.

கேமரா வருவதற்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கில் ஓதத்துக்கு எதிராக இரண்டு முறைகள் வேரூன்றியிருந்தன. முதலாவது அடைத்துக் காப்பது. விதைநெல்லைப் பல நாள் வெயிலில் காயவைத்து, வைக்கோலைப் பரப்பி அதன் நடுவில் கொட்டி, வைக்கோல் புரியால் இறுக்கிச் சுற்றி உருண்டையாகக் கட்டி, மேலே சாணமும் மண்ணும் மெழுகிவிடுவார்கள். இதற்கு விதைக்கோட்டை என்று பெயர். நெல்லை அளக்கும் அளவைக்கும் திருநெல்வேலிச் சீமையில் கோட்டை என்ற பெயரே வழங்கியது. மண்ணால் செய்த குலுக்கையில் தானியத்தைக் கொட்டி வாய்மூடிப் பூசுவதும் இதே முறைதான். இதில் உயிர்நாடியான படி மூடுவதன்று, மூடுவதற்கு முந்திய காய்ச்சல். பல்லில் கடித்தால் நறுக்கென்று உடையும் பதம் வராத நெல்லைக் கோட்டை கட்டினால், உள்ளே அடைபட்ட ஈரமே அதை முளைக்கவோ மக்கவோ செய்துவிடும்.

இரண்டாவது முறை திறந்து காப்பது. இது ஓலைச்சுவடிக்கு உரியது. பதப்படுத்திய பனையோலை ஓதத்தில் பூச்சிக்கும் பூசணத்துக்கும் இடம்கொடுக்கும், வறட்சியில் ஒடியும். எனவே மஞ்சளும் வேம்பும் வசம்பும் துணை நிற்க, ஏட்டில் அவ்வப்போது எண்ணெய் தடவி, கட்டைப் பிரித்துக் காற்றாட விட்டு, படித்துப் புரட்டிக்கொண்டே இருப்பது சுவடி வைத்திருந்த வீடுகளின் வேலையாக இருந்தது. உ.வே. சாமிநாதையர் 1889இல் வெளிவந்த பத்துப்பாட்டுப் பதிப்புக்காக ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆற்றங்கரை ஊரான ஆழ்வார்திருநகரிக்கும் வந்தபோது, கவிராயர் வீடுகளில் நல்ல நிலையில் ஏடுகள் கிடைத்ததற்கு, அந்த வீடுகளில் படிப்பு அறுந்துபோகாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். படிப்பவர் இல்லாமல் பரணில் ஏறிய சுவடி கறையானுக்குப் போயிற்று. நெல்லும் ஏடும் கற்றுத்தந்த இவ்விரு முறைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டாதே என்ற ஒரே விதியிலிருந்து பிறந்தவை.

ஒளிப்பெட்டி ஒன்று இப்பகுதிக்கு வந்தது புகைப்படக்கலை பிறப்பதற்கு முன்பே. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை பயணம் செய்து, குற்றாலத்தையும் பாபநாசத்தையும் வரைந்தனர். இந்தியப் பயணங்களில் காட்சிகளின் அளவும் கோணமும் பிசகாமல் இருக்க அவர்கள் இருட்டுப்பெட்டி ஒன்றைப் பயன்படுத்தினர். ஒரு வில்லை வழியாக உள்ளே விழும் வெளியுலகின் பிம்பத்தைத் தாளில் கோடிழுத்து எடுத்துக்கொள்ளும் இந்தப் பெட்டியே கேமராவின் மூதாதை. பாபநாசம் அருவியின் படம் பின்னர் லண்டனில் செப்புத்தகட்டு அச்சாக வெளிவந்தது. அருவிச் சாரலுக்கு அருகில் கண்ணாடி வில்லையைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டிய தொல்லை, ஆகவே, இந்தப் பள்ளத்தாக்கில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

1839இல் பாரிஸில் புகைப்படக்கலை அறிவிக்கப்பட்டு, 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகப் பொறுப்பேற்ற லின்னேயஸ் ட்ரைப், 1858இல் மதுரை வரை வந்து கோயில்களையும் அரண்மனையையும் படம்பிடித்தார். அவர் வெளியிட்ட தொகுப்புகளில் திருநெல்வேலிக்கு இடமில்லை. மதுரையில் அவர் கையாண்ட முறை இங்கே கருதத்தக்கது. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிமுகப்படுத்திய ஈரத்தகட்டு முறையில், கொலோடியன் என்ற பசைக்கரைசலைக் கண்ணாடியில் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டும். வெயிலில் அந்தப் பூச்சு விரைவில் காய்ந்துவிடும் என்பதால், ட்ரைப் மெழுகேற்றிய தாளையே எதிர்மறையாகப் பயன்படுத்தினார். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு பயணம் போகலாம். எண்ணெய் ஏறிய ஏட்டைப் போல மெழுகு ஏறிய தாளும் காற்றின் ஈரத்தை எளிதில் குடிக்காது. ஐரோப்பாவில் பலர் கைவிடத் தொடங்கியிருந்த ஒரு முறை தென்னிந்தியாவில் சில காலம் நீடித்ததற்குப் பழமைப்பற்றைவிடத் தட்பவெப்பமே பெரிய காரணம்.

1871இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் உலர்தகட்டுக்கு வழிகாட்டிய பிறகு நிலைமை தலைகீழாயிற்று. வெள்ளி உப்புகளை ஜெலட்டினில் கலந்து கண்ணாடியில் பூசிக் காயவைத்த இந்தத் தகடுகளைக் கடையில் வாங்கி, வேண்டும்போது படமெடுத்து, பிறகு சாவகாசமாகக் கழுவிக்கொள்ளலாம் என்பதால், இருட்டறையைக் கூடாரமாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கவில்லை. 1876 வாக்கில் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் ரயில் வந்துவிட்டதும் கண்ணாடித் தகடுகளின் போக்குவரத்துக்குத் துணைசெய்தது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த தாழிகளும் இரும்பு வாள்களும் வெண்கலக் கலங்களும் படமாகப் பதிவானது இந்த உலர்தகட்டுக் காலத்தில்தான். ஆனால் ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் புரதம். பூசணத்துக்கு அது விருந்து. வெந்நீரில் அது இளகும் என்பது இன்னொரு தொல்லை. மேலைநாட்டுக் குறிப்புகள் ஏறத்தாழ 20 டிகிரியில் கழுவச் சொல்லின. திருநெல்வேலியின் சித்திரை வைகாசியில் தொட்டித் தண்ணீரே அதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அந்த நீரில் பூச்சு உப்பி, சுருக்கம் விழுந்து, ஓரங்களில் கண்ணாடியை விட்டு உரிந்து வந்துவிடும்.

வெப்பநாட்டு இருட்டறைகளின் பொதுவான மருந்து படிகாரம். குரோம் படிகாரக் கரைசலில் தகட்டை முக்கி எடுத்தால் ஜெலட்டின் இறுகும். விடியலுக்கு முன் எழுந்து கழுவுவதும், மண்பானையில் இரவெல்லாம் குளிர்ந்த நீரைப் பயன்படுத்துவதும் செலவில்லாத துணைகள். மண்பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதால், மேல்காற்று வறண்டு வீசும் ஆனி ஆடியில் பானை நன்றாகக் குளிரும். காற்றே ஈரமாக இருக்கும் ஐப்பசியில் குளிராது. கார் பருவத்தில் புழுதியும் பிசானப் பருவத்தில் பூசணமும் என்று, புகைப்படக்காரரின் ஆண்டும் உழவரின் ஆண்டைப் போலவே இரண்டாகப் பிரிந்து நின்றது.

ஐரோப்பியத் தொழிற்சாலைகள் இந்தச் சிக்கலை உணர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பநாட்டு மாதிரி என்ற பெயரில் தனிக் கேமராக்களை விற்றன. சாண்டர்சன் போன்ற நிறுவனங்கள் செய்த இவ்வகைப் பெட்டிகளில், மற்ற மாதிரிகளுக்கு வழக்கமான கறுப்புத் தோல் போர்வை இருக்காது. கறையானும் ஈரமும் எளிதில் தீண்டாத தேக்கால் பெட்டி செய்து, பசையை மட்டும் நம்பாமல் மூலைகளைப் பித்தளைப் பட்டையாலும் திருகாணியாலும் இறுக்கியிருந்தார்கள். இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் அதிக விலை கொடுத்து வாங்கும் அழகு அந்தப் பித்தளையில் இருக்கிறது. அது முதலில் அழகுக்காக வைக்கப்பட்டதன்று. பர்மாத் தேக்கு வணிகத்துக்காக 1863இல் தொடங்கிய பாம்பே பர்மா நிறுவனமே பின்னாளில், 1929இல், சிங்கம்பட்டி ஜமீனிடம் மாஞ்சோலை மலையை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது என்பது இந்த வரலாற்றில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு தற்செயல்.

தேக்குப் பெட்டிகள் வசதியுள்ள அதிகாரிகளுக்கும் துரைமாருக்கும் உரியவை. பெரும்பாலோர் வாங்கியது மலிவான கேமராவும் அதற்கென்று தைத்த தோல் உறையும்தான். குளிர்நாட்டில் அந்த உறை நல்ல காப்பு. இங்கே அதுவே கேடாக முடிந்தது. பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே வெளிச்சம் புகாது, காற்று அசையாது, தோலின் கொழுப்பும் தையல் நூலும் பூசணத்துக்கு உணவு. காய்ச்சல் பார்க்காமல் கட்டிய விதைக்கோட்டைக்கு நேர்வது உறைக்குள் பொத்தான் போட்டு பீரோவில் வைத்த கேமராவுக்கும் நேர்ந்தது. கையேடுகளோ கேமராவை எப்போதும் உறையிலேயே வைக்கும்படி அறிவுறுத்தின.

பூசணத்தின் தாக்குதலில் மிகவும் கொடியது லென்ஸின் உட்பக்கத்தில் நடப்பது. ஸ்டூடியோக்காரர்களின் பேச்சில் இதற்கு ஃபங்கஸ் பிடித்தல் என்று பெயர். காற்றில் எங்கும் மிதக்கும் பூசண வித்துகள் லென்ஸுக்குள் புகுவதைத் தடுக்க முடியாது. ஒப்பு ஈரப்பதம் 60, 65 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் அவை முளைக்கத் தொடங்கும். கண்ணாடியில் உணவு ஏது என்ற கேள்வி எழலாம். தூசு, விரல்ரேகையின் எண்ணெய்ப்பசை, திருகுகளில் தடவிய மசகு, இரு வில்லைகளை ஒட்டிய பசை இவையே அதற்குப் போதும். சிலந்திவலை போலப் பரவும் இழைகள் வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடுவதால், பின்னர் கழற்றித் துடைத்தாலும் தடம் மறைவதில்லை. இரண்டாம் உலகப்போரில் நியூகினித் தீவில் போரிட்ட படைகளின் இருகண் நோக்கிகளும் பீரங்கிக் குறிநோக்கிகளும் இவ்வாறு குருடானபோதுதான் இது அரசுகளின் கவலையாயிற்று. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர்கள், எத்தல் மெக்லென்னன் உள்ளிட்டோர், கருவிக்குள்ளேயே பூசணக்கொல்லியை வைக்கும் வழியை ஆராய்ந்து கண்டனர். எந்த வசதியுள்ள நாட்டின் துப்பாக்கிக்காவது நோவு வந்தால்தான் வெப்பநாட்டு நோய்க்கு மருந்து தேடப்படும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

காலையிளவெயிலில் லென்ஸைக் காட்டுவது அந்த நோய்க்குப் பரவலாக அறியப்பட்ட கைவைத்தியம். வெயிலின் புறஊதாக் கதிர் பூசணத்தைக் கொல்லும் என்பதாலும் சூடு ஈரத்தை விரட்டும் என்பதாலும் இதில் உண்மை உண்டு. ஆனால் லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றாமல் வெயிலில் வைத்தால், சூரிய ஒளி உள்ளே குவிந்து ஷட்டரின் திரைச்சீலையைப் பொத்தலாக்கிவிடும். ஓலையை வெயிலில் நேராகக் காயவைக்காமல் நிழற்காய்ச்சலாகப் போடும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று.

அடைத்துக் காக்கும் முறைக்கு வேதியியல் தந்த துணை சிலிக்கா ஜெல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பேட்ரிக் 1919இல் காப்புரிமை பெற்ற இந்தப் பொருள், நச்சுவாயு முகமூடிகளில் வாயுவை உறிஞ்சுவதற்கான ஆய்வுகளோடு தொடர்புடையது. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த மணிகளாக இருப்பதால், மிக ஈரமான காற்றில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரைப் பிடித்துக்கொள்ளும். கோபால்ட் உப்பு சேர்த்த மணிகள் காய்ந்திருக்கையில் நீலமாகவும் ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாகவும் மாறும். வாணலியில் இட்டு ஏறத்தாழ 120 டிகிரிச் சூட்டில் வறுத்தெடுத்தால் மறுபடி நீலமாகும். உப்பு ஜாடிக்குள் அரிசியைப் போட்டுவைத்த வீடுகளில், மணிகளை வறுத்துப் பொட்டலம் கட்டிக் கேமராப் பெட்டிக்குள் வைப்பது வேற்றுப் பழக்கமாகத் தோன்றியிராது. வறுக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் இளஞ்சிவப்புப் பொட்டலம், உறிஞ்சிய ஈரத்தைச் சூடான நாளில் பெட்டிக்குள்ளேயே திருப்பிவிடும் என்பதுதான் பலருக்கும் பிடிபடாத பாதி.

ஃபிலிம் காலத்தில் சிக்கல் கேமராவோடு நிற்கவில்லை. 1948இல் அறிமுகமான ட்ரைஅசிட்டேட் ஃபிலிம், முந்தைய நைட்ரேட் ஃபிலிமைப் போலத் தீப்பிடிக்காது என்பதால் பாதுகாப்பானது என்று பெயர்பெற்றது. அது சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து காடிநாற்றம் வீசுகிறது என்ற முதல் முறையீடு, பத்தாண்டு முடிவதற்குள், ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்துக்கு இந்திய அரசிடமிருந்தே போயிற்று. அசிட்டேட்டின் மூலக்கூறு காற்றின் ஈரத்தால் பிளந்து அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியின் புளிப்பை, வெளியிடுகிறது. அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால், தகரப்பெட்டிக்குள் இறுக அடைத்த சுருள்தான் விரைவில் கெடும். 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்துக்குத் தமிழ்நாட்டில் உதகமண்டலம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் அங்குள்ள குளிர்ச்சியும் தூசில்லாத காற்றும் காரணம். அங்கே உருவான இந்து ஃபிலிம் குளிரிலிருந்து இறங்கி வந்து, 35 டிகிரிச் சூட்டில் கிடக்கும் கடையலமாரிகளில் தன் காலத்தைக் கழித்தது.

இப்பகுதியின் பெயரைப் புகைப்பட வரலாற்றோடு சேர்ப்பவர் மா. கிருஷ்ணன். பெருங்குளத்துக்காரரான நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912இல் திருநெல்வேலியில் பிறந்த அவர், காட்டுயிர்ப் படக்கலையில் கறுப்பு வெள்ளையை விட்டு நகரவே இல்லை. வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கனத்த கருவிக்கு சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். படத்தைத் தாமே கழுவி அச்சிட்டார். 1996இல் மறையும்வரை அவர் வாழ்ந்தது சென்னைக் கடற்கரையின் ஈரக்காற்றில். தன் கருவியைத் தானே கழற்றிப் பூட்டத் தெரிந்தவர், ஓயாமல் அதைக் கையில் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனவர் என்ற அளவில், சுவடியைப் புரட்டிக்கொண்டே காத்த கவிராயர்களின் வரிசையில் அவரை நிறுத்தலாம். பயன்படுத்தப்படும் லென்ஸில் ஃபங்கஸ் எளிதில் பிடிப்பதில்லை.

சிறுநகர ஸ்டூடியோக்களின் கண்டுபிடிப்பு என்று எதையேனும் சொல்வதானால், அது பீரோவுக்குள் எரிந்த குண்டு பல்ப். மர அலமாரியின் அடித்தட்டில் 15 அல்லது 25 வாட் பல்பு ஒன்றைப் பொருத்தி, தட்டுகளில் துளையிட்டு, மழைக்காலம் முழுவதும் இரவும் பகலும் எரியவிடுவார்கள். இந்த பல்பு ஈரத்தைப் போக்குவதில்லை. காற்றைச் சூடாக்கி, அது தாங்கக்கூடிய ஈரத்தின் உச்ச அளவைக் கூட்டுகிறது. 27 டிகிரியில் 85 விழுக்காடாக இருக்கும் காற்று 34 டிகிரிக்குச் சூடானால், ஒரு துளி நீரும் வெளியேறாமலேயே ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும். சூடு மேலேறித் துளைகள் வழியே வெளியேறுவதால் காற்றோட்டமும் கிடைத்தது. அடைப்பதையும் திறப்பதையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்துவைத்த இந்த ஏற்பாட்டை எந்தக் கையேடும் எழுதித்தரவில்லை. புரட்டாசியில் பெரும்பாலும் வந்துவிடும் ஆயுதபூஜையும் தன் பங்குக்கு உதவியது. வடகிழக்குப் பருவம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பாக, கேமராக்கள் எல்லாம் உறையிலிருந்து வெளியே வந்து, தூசு துடைக்கப்பட்டு, ஒருநாள் முழுதும் வெளிச்சத்தில் இருந்தன. அதன்பின் லென்ஸ் வளையத்தில் வைத்த குங்குமம் உள்ளே உதிர்ந்தது வேறு கதை.

ஈஸ்ட்மன் கோடக்கில் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்துகாட்டிய டிஜிட்டல் கேமரா, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் கல்யாண வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோது, ஜெலட்டினோடு பூசணத்தின் கதையும் முடிந்தது என்றே பலர் கருதினர். உணவு குறைந்ததே தவிர நோய் போகவில்லை. ஒளியை மின்குறியாக மாற்றும் உணரியின் மேலுள்ள கண்ணாடித்தகட்டிலும் ஃபங்கஸ் பிடிக்கும். செப்புத் தொடுமுனைகள் பச்சை பூக்கும். நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறையும் துருத்தியைப் போல வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஃபிலிம் கேமராவைக் கழற்றித் துடைத்த உள்ளூர் மெக்கானிக்கின் கை, மின்சுற்றுகள் அடர்ந்த புதிய பெட்டிக்குள் எளிதில் போகவில்லை.

குளிர்சாதனம் இதனோடு புதிய இடர் ஒன்றைச் சேர்த்தது. 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரமுள்ள காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 டிகிரி. 22 டிகிரி அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்துவந்த கேமராவை மண்டபத்து வாசலில் திறந்தால், லென்ஸின் வெளியிலும் உள்ளேயும் உடனே ஆவி படிவது இதனால்தான். மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குவோருக்கும் இதுவே நேரும். மலையேறும்போது சூடான கேமரா பனிக்காது, குளிர்ந்த கேமரா இறங்கும்போதே பனிக்கும். புறப்படும் இடத்திலேயே கேமராவைப் பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி, வந்து சேர்ந்த பின் வெளிச்சூட்டுக்கு அது வரும்வரை அரைமணிக்கு மேல் அவிழ்க்காமல் வைத்தால், பனி பையின் மேல் படியும், கேமராவின் மேல் படியாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மழைக்காடுகளில் மரத்தில் கட்டப்படும் தானியங்கிக் கேமராக்களோ நாள்கணக்கில் அங்கேயே கிடப்பவை. அவற்றில் ரப்பர் வளையம் இறுக்கிய மூடியும் உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலமும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும்.

கடலோரத்தின் கணக்கு இன்னும் வேறு. சமையலுப்பு, சுற்றிலும் 75 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால், காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும் இயல்புடையது. தூத்துக்குடிக் காற்றில் வந்து கேமராவின் இடுக்கில் ஒட்டிய உப்புத் துகள், மழை பெய்யாத இரவிலும் துளி உப்புநீராகி உலோகத்தை அரிப்பது இதனால்தான். அதே இயல்பு ஓர் உபகாரமும் செய்கிறது. ஈரம் காட்டும் சிறு மானி ஒன்றை, கூழாக நனைத்த உப்பு வைத்த சிமிழோடு காற்றுப்புகாத டப்பாவில் மூடி ஒருநாள் வைத்தால், சரியான மானி 75 காட்ட வேண்டும். உப்பளத்து உப்பே அளவுகோலாகிவிடுகிறது.

சந்தையில் இப்போது கிடைக்கும் டிரை கேபினெட் என்ற மின்பெட்டி, ஒரு முனையைக் குளிர்வித்து அதில் ஈரத்தைப் படியவைத்தோ உறிஞ்சும் பொருளைத் தானே சூடேற்றிப் புதுப்பித்தோ, உள்ளே 40 முதல் 50 விழுக்காட்டில் ஈரத்தை நிறுத்துகிறது. அதற்கும் கீழே வறண்டால் ரப்பர் வெடிக்கும், மசகு இறுகும். ஏடு ஒடிவதைப் போலத்தான். இதை வாங்க இயலாதவர்களின் பழைய பீரோ முறை, எல்.இ.டி. பல்பு வந்ததும் நின்றுபோயிற்று, ஏனென்றால் புது பல்பில் வெளிச்சம் உண்டு, முன்புபோல் சூடு இல்லை. நனைந்த கைப்பேசியையும் கேமராவையும் அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் மட்டும் உலகெங்கும் பரவியிருக்கிறது; அரிசி உள்ளே தங்கிய நீரை எடுப்பதில் மிக மந்தமானது, அதன் மாவுத்தூள் துளைகளில் புகுந்துவிடும் என்பதால் ஆப்பிள் நிறுவனம் அதைத் தவிர்க்கும்படி 2024இல் கூற நேர்ந்தது. உப்பு ஜாடியில் பலித்தது இங்கே பலிக்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் மழை பதிவாகி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கி, தாமிரபரணி வெள்ளம் தெருக்களுக்குள் வந்தபோது, ஓதத்தைப் பற்றிய ஏற்பாடுகள் எல்லாம் பொருளற்றுப்போயின. சேற்றுநீரில் மூழ்கிய டிஜிட்டல் கேமராவுக்குச் செய்யக்கூடியது மின்கலத்தை உடனே கழற்றுவதும் சுவிட்சைத் தொடாதிருப்பதும்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் நிலை அப்படியன்று. ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிடுவதற்கு முன்பே அவற்றைச் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, நிழலில் கொடிகட்டித் தொங்கவிட்டால் பெரும்பாலானவை மீண்டுவிடும், ஏனென்றால் அவை முதன்முதலில் பிறந்ததே அப்படி ஒரு தொட்டித் தண்ணீரிலிருந்துதான்.